இரண்டு வீட்டிலும் இரண்டு விதமாகப் பேசும் மகன்: எப்படி அணுகுவது?

கேள்வி கேட்டவர்: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் பிரிந்து வாழத் தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன. மணமுறிவு வழக்கு இன்னும் முடியவில்லை என்றாலும், பிள்ளைகள் யாரிடம் எத்தனை நாள் இருப்பது என்பதில் எங்களுக்குள் பெரிய தகராறு எதுவும் இல்லை. மகனுக்கு 10 வயது, மகளுக்கு 5 வயது. வார நாள்களில் என்னிடமும், வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை வரை அவரிடமும் இருக்கிறார்கள். எவ்வளவு பக்குவமாக நடந்துகொள்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் எங்களைப் பாராட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரங்களுக்கு முன்பு என் கணவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘பிள்ளையை நீ எங்குமே அழைத்துப் போவதில்லையா? உன் வீட்டில் பொழுதே போவதில்லை என்கிறானே’ என்று கேட்டிருந்தார். அந்த வாரம்தான் மகன் தன் நண்பர்கள் மூவரோடு பகல் முழுவதும் விளையாடிவிட்டு, படுக்கையில் விழுந்த பிறகும் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவர்தான் எதையோ திரித்துச் சொல்கிறார் என்று நினைத்து, காரசாரமாகப் பதிலும் எழுதிவிட்டேன். நல்லவேளையாக அனுப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, துவைக்கப் போடும்முன் மகனின் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபோது நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘அப்பா’ என்றும் மறுபக்கம் ‘நான்’ என்றும் எழுதியிருந்தது. சதுரங்க ஆட்டங்களின் கணக்கு அது. அப்பாவின் பக்கத்தில் 11 கோடுகள். இவன் பக்கத்தில் ஒரே ஒரு கோடு. அதைச் சுற்றிச் சிவப்பு மையால் மூன்று முறை வட்டம் போட்டிருந்தான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் தந்தையை வென்றிருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ‘அங்கே என்ன செய்தாய்?’ என்று நான் கேட்டபோது, ‘ஒன்றுமில்லை, சும்மாதான் இருந்தேன், எப்போது வீட்டுக்கு வருவோம் என்று இருந்தது’ என்று சொன்னதும் இதே பிள்ளைதான்.

ஆக, என்னிடம் அப்பா வீட்டில் நன்றாக இல்லை என்கிறான். அப்பாவிடம் என் வீட்டில் நன்றாக இல்லை என்கிறான். இரண்டுமே உண்மை இல்லை. பத்து வயதில் ஒரு பிள்ளை இவ்வளவு கச்சிதமாக இரண்டு பொய்களைக் கட்டிக் காக்கிறானே என்பது எனக்கு அச்சமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிந்த புதிதில், ‘அப்பாவுக்கு வேலை அதிகம், அதனால் வேறு வீட்டில் தங்குகிறார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம். இரண்டு மாதம் கழித்து நான் தொலைபேசியில் வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு மகன் தானாகவே தெரிந்துகொண்டான். அன்று அவன் அழவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை.

மகளின் கதை வேறு. தூங்கப் போகும் நேரத்தில், ‘இனிமேல் அண்ணனோடு சண்டை போட மாட்டேன், அப்பாவை வரச் சொல்’ என்கிறாள். பல மாதங்களாக இரவில் நனைக்காமல் இருந்தவள் இப்போது மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள்.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டேன் என்று மகனிடம் சொல்லலாமா? அவனுடைய அப்பாவிடம் சொல்ல வேண்டுமா? இது போகப் போகச் சரியாகிவிடுமா, அல்லது பொய்யே பழக்கமாகிவிடுமா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில் 1: குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர்

சகோதரி, அந்தத் தாளை அவனிடம் நீட்டி ‘இது என்ன?’ என்று கேட்டுவிடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை ஆற அமரப் பேசலாம்.

அவன் சொல்வதைப் பொய் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சொல்லளவில் அது சரிதான். ஆனால் தண்டனைக்குப் பயந்து சொல்லும் பொய்யும், வேண்டியதைப் பெறச் சொல்லும் பொய்யும் பிள்ளைக்கு ஏதோ ஓர் ஆதாயம் தருவன. இவனுக்கு இதனால் என்ன ஆதாயம்? தன் முதல் வெற்றியைக்கூட ஒருவரிடமும் சொல்லிக் குதிக்க முடியாமல் கால்சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிகிறான். அங்கே மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொன்னால் உங்கள் மனம் நோகும், இங்கே மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொன்னால் அப்பாவின் மனம் நோகும் என்று அவனாகக் கணக்குப் போட்டு, இரண்டு பேரையும் காப்பாற்றுகிற வேலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது இந்த நிலைக்குத்தான் பொருந்தும்.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டி புகானன், எலனோர் மக்கோபி, சான்ஃபோர்டு டோர்ன்புஷ் ஆகியோர் பெற்றோர் பிரிந்த 10 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளிடம் பேசி, 1991ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாக உணர்கிறாயா, ஒருவர் மற்றவருக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார்களா, மற்ற வீட்டைப் பற்றி நீ விரும்பாத கேள்விகளைக் கேட்கிறார்களா, ஒருவர் முன்னால் மற்றவரைப் பற்றிப் பேசத் தயங்குகிறாயா என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. நடுவில் மாட்டிக்கொண்டதாக உணர்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. அந்த உணர்வைத் தீர்மானித்தது பெற்றோரிடையே எவ்வளவு பகைமை, எவ்வளவு ஒத்துழைப்பு என்பதுதான். எந்த வீட்டில் எத்தனை நாள் என்ற கணக்கின் தாக்கமும் அந்த உறவைப் பொறுத்தே அமைந்தது. ஏற்பாடு சுமுகமாக இருந்தும் ஏன் இப்படி என்று நீங்கள் திகைப்பது எனக்குப் புரிகிறது. நாள்களைப் பங்கிடுவதில் தகராறு இல்லை. ஆனால் ஒரு செய்தியைப் படித்ததும் ‘இவர்தான் திரிக்கிறார்’ என்று உங்களுக்குத் தோன்றுகிற அளவுக்கு அடியில் ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அந்தச் சூட்டை நமக்கு முன்பே உணர்ந்துவிடுவார்கள்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இன்னொரு சிக்கலும் உண்டு. 1971ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பிரிந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளைப் பின்தொடர ஆரம்பித்த ஜூடித் வாலர்ஸ்டைனும் ஜோன் கெல்லியும், இந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் பெற்றோரில் ஒருவர் பக்கம் சாய்ந்து மற்றவர் மீது கடுங்கோபம் கொள்வதைப் பதிவு செய்தார்கள். நியாயம், அநியாயம் என்று எல்லாவற்றையும் தராசில் போடுகிற வயது அது. உங்கள் மகன் யார் பக்கமும் சாயவில்லை. இரண்டு பக்கமும் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறான். இதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

(வாலர்ஸ்டைனின் முடிவுகளை மட்டும் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். அவருடைய ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குடும்பங்கள் சேர்க்கப்படவில்லை என்ற விமரிசனம் நெடுநாளாக உண்டு. ஏறத்தாழ 1,400 குடும்பங்களை ஆராய்ந்த மேவிஸ் ஹெதரிங்டன், பிரிந்த குடும்பத்துப் பிள்ளைகளில் 20 முதல் 25 விழுக்காட்டினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்ததாகவும், பிரியாத குடும்பங்களில் அது 10 விழுக்காடு என்றும் கூறினார். இரட்டிப்பு என்பது சிறிய வேறுபாடு இல்லை. ஆயினும் பெரும்பான்மையான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.)

இனி மகனிடம் என்ன சொல்வது? ‘நீ அங்கே மகிழ்ச்சியாக இருந்தால் எனக்கு வருத்தமே இல்லை’ என்று சொல்லத் தோன்றும். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை, வேலை அதிகம் என்ற கதையில் அவன் ஏமாந்திருக்கிறான். ஆகையால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘நீங்கள் இரண்டு பேரும் அங்கே போயிருக்கும்போது எனக்குச் சில நேரம் வெறிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை, உன் வேலை இல்லை. நீ அப்பாவோடு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.’ நேருக்கு நேர் உட்கார வைத்துச் சொல்லாமல், இருவரும் ஏதாவது கைவேலையாக இருக்கும்போது சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். அன்றே அவன் வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வேலை காரணமாக என்று முதலில் சொன்னதற்கு மன்னிப்பும் கேளுங்கள். ‘உன்னிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை. நீயாகத் தெரிந்துகொள்ளும்படி விட்டது எங்கள் தவறு’ என்றால் போதும். முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். பிரிந்ததற்கான காரணத்தை அதில் நுழைக்காதீர்கள்.

மகளைப் பொறுத்தவரை, அந்த வயதில் உலகம் முழுவதும் தன்னைச் சுற்றியே நடப்பதாகத்தான் பிள்ளை எண்ணும். அண்ணனோடு சண்டை போட்டோம், அப்பா போய்விட்டார். இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுவிட்டாள். ‘உன்னால் இல்லை’ என்று ஒரு முறை சொன்னால் ஏறாது. ‘நீயும் அண்ணனும் சண்டை போட்டதால் அப்பா போகவில்லை. நீங்கள் சண்டை போட்டாலும் போடாவிட்டாலும் அப்பா அந்த வீட்டில்தான் இருப்பார், வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துப் போவார்’ என்று அவள் சொன்ன அதே காரணத்தைத் தொட்டு, ஒரே சொற்களில், கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் எவ்வளவு தூரம் என்பது ஐந்து வயதுக்குத் தெரியாது. நாள்காட்டியில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு நிறத்தில் புள்ளி வைத்து, தினமும் படுக்கும்முன் ஒரு நாளை அவளையே அடிக்கச் சொல்லுங்கள். படுக்கை நனைவதற்குத் திட்டவே கூடாது. ஓரிரு மாதங்களில் குறையவில்லை என்றால், அல்லது பகலிலும் நனைந்தால், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.


பதில் 2: பெற்றோர் பிரிந்தபோது ஒன்பது வயதில் இருந்தவள்

மேலே ஆலோசகர் எழுதியதை நான் மறுக்கவில்லை. உங்கள் மகனின் இடத்தில் இருந்தவள் என்பதால், அங்கிருந்து என்ன தெரியும் என்பதை மட்டும் எழுதுகிறேன். இப்போது எனக்கு 34 வயது.

என் அம்மா அப்பாவைப் பற்றி ஒரு தவறான சொல்லும் சொன்னதில்லை. இதை அவர் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், அது உண்மையும்கூட. ஆனால் நான் ‘அப்பா வீட்டில்’ என்று ஆரம்பித்தால் போதும், சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சற்றே கூடும். ‘ம், அப்புறம்?’ என்பார், குரல் இயல்பாகத்தான் இருக்கும். பாத்திரத்தின் சத்தம்தான் எனக்கு உண்மையைச் சொல்லும். எந்தச் சேதிக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது சில மாதங்களிலேயே எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் சத்தம் வராது. அப்பா புதிய நாற்காலி வாங்கினார் என்றால் வரும். அதற்கேற்ப எதைச் சொல்வது, எதை மென்று விழுங்குவது என்று முடிவு செய்துகொள்வேன்.

அப்பா எனக்கு ஊதா நிறத்தில் ஒரு சட்டை வாங்கித் தந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் அம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. அவ்வளவுதான், ஒரு கணம். அடுத்த வாரத்திலிருந்து, அப்பா தெருமுனையில் இறக்கிவிட்டதும், மாடிப்படியின் அடியில் நின்று பைக்குள் இருந்த பழைய சட்டையை எடுத்து மாற்றிக்கொண்டுதான் மேலே ஏறுவேன். இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தேன். அந்தச் சட்டை எனக்குச் சிறியதாகிப் போன பிறகும் அம்மாவுக்கு அது தெரியாது. நான் இதைச் சொன்னபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் மகன் எனக்குப் புரிகிறான் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவனுக்கு இது பொய் சொல்லும் பழக்கமாக மாறிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மாறியது வேறு விதமாக. அலுவலகத்தில் இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் என்றால், இருவருமே என்னிடம்தான் வருவார்கள்; இருவருக்கும் பிடித்தமாதிரி பேசி அனுப்பிவிட்டு, எனக்கென்று என்ன கருத்து என்று யோசித்தால் ஒன்றும் தோன்றாது. எந்தச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டால்கூட எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். இதிலிருந்து மீள்வதற்கு முப்பது வயதுக்கு மேல் ஓர் ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது.

ஒரு சிறிய வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை மாலை ‘அங்கே என்ன செய்தாய்?’ என்று கேட்காதீர்கள். நீங்கள் அன்போடுதான் கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் ஒரே ஒரு பாதுகாப்பான பதில்தான் உண்டு: ‘ஒன்றுமில்லை.’


பதில் 3: வார இறுதித் தந்தை

நான் மறுகரையில் இருப்பவன். என் மகளுக்கு இப்போது 13 வயது. நாங்கள் பிரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு, கட்டாயம் சொல்லுங்கள் என்பது என் பதில். ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்களிடம் அவன் பொய் சொல்லியிருக்கிறான்’ என்று எழுதினால், அவர் அதைக் குற்றச்சாட்டாகவே படிப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் படித்திருப்பேன். ‘அவன் என்னிடமும் உங்கள் வீட்டைப் பற்றி இதையேதான் சொல்கிறான். நம் இருவரின் மனமும் நோகக் கூடாது என்று பார்க்கிறான் போலிருக்கிறது. நாம் இருவரும் அவனுக்கு ஒரே பதிலைச் சொல்லலாமா?’ என்று கேளுங்கள். உங்கள் வீட்டையும் அதே தட்டில் வைத்துவிட்டால் அவருக்குத் தற்காத்துக்கொள்ள வேண்டிய தேவை வராது.

பிரிந்த முதல் ஆண்டில் நான் செய்த கூத்தையும் சொல்கிறேன். மகள் வந்ததும் வராததுமாக, வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், அம்மா எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வருகிறாள் என்றெல்லாம் கேட்பேன். அக்கறை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செலவுக்கான பணத்தையும் உறையில் போட்டு அவளிடமே கொடுத்தனுப்புவேன். ஒரு நாள் அந்த உறை அவளுடைய புத்தகப் பையில் எங்கோ சிக்கிக்கொண்டது. பள்ளிக்கூட வாசலிலேயே பையைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு நோட்டாக உதறிக்கொண்டே, ‘அம்மா நீங்கள் தரவில்லை என்று நினைத்துவிடுவார்கள்’ என்று அழுதாள். எட்டு வயதுக் குழந்தை, இரண்டு பெரியவர்களின் கணக்குவழக்குக்கு ஜாமீன் நிற்கிறாள். அன்றோடு உறையை நிறுத்தினேன். பணம் வங்கி வழியாகப் போகிறது. மற்றவற்றை அவளுடைய அம்மாவுக்கு நேரடியாக எழுதிவிடுகிறேன். மருந்து, காய்ச்சல், பள்ளி வேலை, அடுத்த வார நேரம் ஆகிய நான்கைத் தவிர வேறெதையும் எழுதுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ஐந்தாவதாக ஏதாவது எழுதக் கை பரபரக்கும். எழுதி, ஒரு மணி நேரம் கழித்துப் படித்துப் பார்த்து, பெரும்பாலும் அழித்துவிடுவேன்.

பிள்ளையைக் கைமாற்றுகிற நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் நின்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பிள்ளை போவதுதான் வாரத்திலேயே மோசமான ஐந்து நிமிடம். நாங்கள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை அம்மா கொண்டுவந்து விடுவார், மாலையில் நான் அழைத்துக்கொள்வேன். திங்கட்கிழமை காலை நான் விடுவேன், மாலையில் அம்மா அழைத்துக்கொள்வார். இதில் அவள் யாரையும் விட்டுவிட்டு வரவேண்டியதில்லை. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் வசதி என்றால், வந்த முதல் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் விட்டுவிடுங்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனம் வந்து சேர உடம்பைவிட நேரம் ஆகிறது. என் மகள் இப்போதும் வந்தவுடன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முன்பெல்லாம் அது என் மீதான கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.


பதில் 4: சட்டப் பணியில் இருப்பவர்

மேலே சொல்லப்பட்டவை நல்ல ஆலோசனைகள். ஆயினும் இதைப் படிக்கிற எல்லாருடைய நிலையும் கேள்வி கேட்டவரின் நிலையாக இருக்காது என்பதால் ஒரு குறுக்கீடு.

ஒரு வீட்டில் அடியோ, மிரட்டலோ, கட்டுப்பாடில்லாத குடியோ இருந்தால், பிள்ளை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். அங்கே போகும் நாள் நெருங்கும்போது வயிற்றுவலி, திடுக்கிட்டு விழிப்பது, காரணம் சொல்ல முடியாத காயம், ‘சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்’ என்ற சொல் ஆகியவற்றை மனத்தாங்கலின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அத்தகைய நிலையில் இருவரும் கலந்து பேசுங்கள் என்ற அறிவுரையே ஆபத்தாக முடியும். ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைக்கு இருவரோடும் முறையாகத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது. குழந்தையின் நலனுக்கு மாறானதாக இருந்தால் தவிர என்ற விலக்கையும் அதே வாக்கியத்தில் சேர்த்திருக்கிறது. அந்த உரிமை குழந்தையுடையது என்பதைப் பெற்றோர் இருவருமே மறந்துவிடுகிறார்கள்.

அதே உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை தருகிறது. அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதுதான் பொருள்; ‘அம்மாவா அப்பாவா, நீயே சொல்’ என்று பத்து வயதுப் பிள்ளையிடம் தீர்ப்பை ஒப்படைப்பதற்கு அது அனுமதி இல்லை.

உங்கள் வழக்கு நிலுவையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளை பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து வைக்கும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வழக்கில் அதற்கு என்ன மதிப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். தன்னை அம்மா பதிவு செய்தாள் என்று தெரியவந்தால், அந்தப் பிள்ளை அதன் பிறகு யாரிடமும் எதையும் சொல்லாது. இருவரிடமும் வேறு வேறாகப் பேசுகிற பிள்ளையின் பதிவு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று இருந்தால் நீதிமன்றத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஊதாச் சட்டையைப் பற்றி எழுதிய சகோதரிக்குத் தனியாக நன்றி. அதைப் படித்த அன்று இரவு, பிள்ளைகள் வந்ததும் அவர்கள் பையிலிருந்து துணிகளை எடுத்து வைக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே துவைத்த துணியை நான் மறுபடியும் துவைக்கப் போடுவேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக அதை நிறுத்தியிருக்கிறேன்.

சதுரங்கக் கணக்குத் தாளை அவன் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டேன். அவனுடைய அப்பாவுக்கு, மேலே ஒருவர் எழுதித் தந்த சொற்களிலேயே ஒரு செய்தி அனுப்பினேன். நாள் முழுவதும் பதில் இல்லை. இரவு ‘சரி’ என்று மட்டும் வந்தது. எனக்கு அது போதவில்லைதான். ஆனால் அதற்கு மேல் ஏதாவது எதிர்பார்த்திருந்தால் அது என் பேராசை. மறு வாரம் அவராகவே, பிள்ளைகளிடம் இருவரும் சேர்ந்து பேசிவிடலாம் என்று எழுதினார். ஒரு பூங்காவில் உட்கார்ந்து, வேலை காரணமாக என்று சொன்னது உண்மை இல்லை என்பதையும், நாங்கள் மறுபடி ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை என்பதையும் சொன்னோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகள் அழுதாள். மகன் காலடியில் கிடந்த சருகுகளைக் கிழித்துக்கொண்டே, ‘எனக்குத் தெரியும்’ என்றான். சிறிது நேரம் கழித்து, ‘தெரியும் என்று உங்களுக்கும் தெரியும்தானே, பிறகு ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டான். நாங்கள் இருவருமே பதில் சொல்ல முடியாமல் விழித்தோம். பிறகு அவர்தான், ‘எங்களுக்குப் பயமாக இருந்தது’ என்றார்.

‘வெறிச்சென்று இருக்கும், அது என் வேலை’ என்ற பேச்சை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவன் கேட்டானா என்றே தெரியவில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவன் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ‘இன்றைக்கு மூன்று ஆட்டம்’ என்றான். ‘ஓ’ என்றேன். யார் வென்றார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்பாவிடம் இன்னும் என் வீட்டைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறானாம்.

மகள் நாள்காட்டியில் புள்ளிகளை அடிப்பதில் தீவிரமாக இருக்கிறாள். அவசரத்தில் சில நாள்களை முன்கூட்டியே அடித்துவிடுகிறாள். படுக்கை வாரத்துக்கு இரண்டு முறை நனைகிறது. முன்பு நான்கு.

இப்போது ஒரு புதிய சிக்கல். அடுத்த மாதம் மகனின் பள்ளி விழா. மேடையில் அவனுக்கு ஒரு சிறிய பங்கு இருக்கிறது. இருவரில் யார் வர வேண்டும் என்று கேட்டால், ‘யாரும் வர வேண்டாம்’ என்கிறான்.


பதில் 5: குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர்

யார் வர வேண்டும் என்று அவனிடம் கேட்டதால்தான் யாரும் வேண்டாம் என்கிறான். அந்தக் கேள்விக்கு அவனால் வேறு என்ன சொல்ல முடியும்? கேட்காமல், ‘நாங்கள் இருவரும் வருகிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். அருகருகே உட்கார்ந்து நட்பாக இருப்பது போல் நடிக்க வேண்டாம். அவன் மேடையிலிருந்து அந்த நடிப்பைத்தான் கவனித்துக்கொண்டிருப்பான். நீங்கள் இடப்பக்கம் முன்வரிசைகளில் ஒன்றிலும், அவர் வலப்பக்கமும் உட்காருங்கள். யார் எந்தப் பக்கம் என்பதை அவனுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், தேட வேண்டியிருக்காது. விழா முடிந்ததும் அவன் முதலில் யாரிடம் ஓடி வர வேண்டும் என்பதையும் அவன் முடிவுக்கு விடாதீர்கள். அன்று பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டிய நாளோ அவர் மேடைக்குப் பின்னால் போய் அழைத்துக்கொள்ளட்டும். மற்றவர் வாசலருகே நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டுக் கிளம்பட்டும். தங்கையை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதையும் நீங்கள் இருவருமே பேசி முடித்துவிடுங்கள். அவளிடமும் கேட்க வேண்டாம்.